வரைபடத்தில் பாதி ஏரி

விழுப்புரம் ஜங்ஷனை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் திறந்து பார்த்திருக்கிறீர்களா? ஒருமுறை பாருங்கள். செங்கல்பட்டு, காட்பாடி, புதுச்சேரி, கடலூர், விருத்தாசலம் என்று ஐந்து பக்கமும் பிரிந்து போகும் தண்டவாளங்களை ஏதோ ஒரு ரயில் பைத்தியம் பொறுமையாக உட்கார்ந்து வரைந்திருக்கிறார். பார்க்கவே அழகாக இருக்கும். அப்படியே வடக்கே நகர்த்தி, விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு தாண்டி, திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போங்கள். பல கிராமங்களில் ஒரு புள்ளி, ஒரு பெயர், நடுவே ஒரு கோடு. அவ்வளவுதான் ஊர்.

2017லிருந்து இந்த வரைபடத்தில் நான் திருத்தங்கள் செய்து வருகிறேன். மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கிறது என் கிராமம். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், காரணம் பின்னால் வரும். இதுவரை இந்தத் திட்டத்தைப் பற்றிப் பாராட்டித்தான் எழுதியிருக்கிறேன். இந்த முறை குறை சொல்லப் போகிறேன். குறையில் எனக்கும் பங்கு உண்டு, அதையும் சேர்த்தே.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இரண்டு வரி. 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் தொடங்கியது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். விக்கிப்பீடியா மாதிரி யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம், தரவை எடுத்துப் பயன்படுத்தலாம். அதைச் சுற்றி ஏகப்பட்ட திறமூல மென்பொருள்கள் இருக்கின்றன. பிரவுசரிலேயே வரைய ஐடி எடிட்டர், கம்ப்யூட்டரில் வரைய ஜோசம், போனில் நடந்துகொண்டே பதில் சொல்ல ஸ்ட்ரீட்கம்ப்ளீட், அலசிப் பார்க்க கியூஜிஐஎஸ். 2015 சென்னை வெள்ளத்தின்போது மூழ்கிய தெருக்களை மக்களே குறித்த வரைபடம் ஒன்று பரவியதே, அதன் அடித்தளம் இதுதான். நான் உள்ளே வந்ததற்கும் அந்த வரைபடம்தான் காரணம்.

சரி, ஏரிக்கு வருவோம்.

2019இல் எங்கள் ஊர் ஏரியை வரைந்தேன். வேலை சுலபம். செயற்கைக்கோள் படத்தை அடியில் போட்டுக்கொண்டு, தண்ணீர் தெரிகிற ஓரத்தில் வரிசையாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனால் ஏரி வந்துவிடும். அரைமணி நேரத்தில் முடித்தேன். அந்தப் படம் எந்த மாதம் எடுத்தது என்று யோசிக்கவே இல்லை. தண்ணீர் கரையோரமாக ஒதுங்கி நின்றது. மேல்பக்கம் முழுக்கப் பச்சை, சீமைக்கருவேலம். அது புதர்தானே என்று விட்டுவிட்டேன்.

2023இல் வாட்ஸப்பில் ஒரு மனைப்பிரிவு விளம்பரம் வந்தது. 'ஏரிக்கு மிக அருகில், குளிர்ந்த காற்று' என்கிற வகை. அதில் ஒரு வரைபடம். கரையின் தென்கிழக்கு மூலையில் நான் கைதவறி வைத்த ஒரு புள்ளியால் கோடு கோணலாகப் போயிருக்கும். அந்தக் கோணல் அப்படியே அதில் இருந்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பெயரை ஒரு மூலையிலாவது போட வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை, அதை அவர்கள் போடவில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, பெருமை. நான் போட்ட கோடு அச்சில் வந்திருக்கிறதே என்று நாலு பேருக்கு ஃபார்வர்டு செய்தேன். மனைக்கற்கள் நட்டிருந்த இடம், நான் புதர் என்று விட்ட பச்சைக்கு ஒட்டினாற்போல இருந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது. மறுநாள் காலை வரையிலான ஒரே நாளில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டு, ரயில்கள் நின்றன. அரசூர் பக்கம் தேசிய நெடுஞ்சாலையே மூழ்கியது. எங்கள் ஏரி கோடி போனது. இரண்டு நாள் கழித்துத்தான் என்னால் ஊருக்குப் போக முடிந்தது. கரைமேல் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். போனை எடுத்து என் வரைபடத்தையும் எதிரே நிற்கும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தேன். அவரும் எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா இது, ஏரியா? பாதி ஏரியக் காணுமே."

கருவேலங்காடு முழுக்கத் தண்ணீர். மனைக்கற்களில் பாதி வெளியே தெரியவில்லை. நல்லவேளை, அதுவரை யாரும் வீடு கட்டியிருக்கவில்லை. மனை வாங்கியவர்கள் என் கோட்டைப் பார்த்தா வாங்கினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். இல்லைதான். ஆனால் விற்றவருக்கு ஒரு படம் தேவைப்பட்டது. ஏரி சின்னதாகத் தெரிகிற படம். அது என்னிடமிருந்து கிடைத்தது.

இதை வெறும் என் அஜாக்கிரதை என்று முடித்துவிடலாம். பாதி அதுதான். மீதிப் பாதி, மென்பொருளும் அதன் சொற்களும் நம் ஏரியை எப்படிப் பார்க்கின்றன என்பது. வரைபடத்தில் எதை வரைந்தாலும் அது என்ன என்று ஒரு டேக் போட வேண்டும். நீர்நிலை என்றால் லேக், பாண்ட், ரிசர்வாயர் என்று வகைகள். ஆங்கிலேயர் நம் ஏரியை 'டேங்க்' என்று எழுதி வைத்தார்கள். இந்திய ஆவணங்களில் இன்றும் அந்தச் சொல்தான். ஆனால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் ஆங்கிலம் பிரிட்டன் ஆங்கிலம், அங்கே டேங்க் என்றால் எண்ணெயோ தண்ணீரோ நிரப்பி வைக்கிற தொட்டி. மயிலத்துக்காரர் ஒருவர் நல்லெண்ணத்தோடு தன் ஊர் ஏரிக்கு டேங்க் என்று போட்டால், நூறு ஏக்கரில் ஒரு சின்டெக்ஸ் தொட்டி முளைக்கும்.

ஏரி என்பது தண்ணீர் மட்டும் இல்லை என்பதுதான் விஷயமே. கரை, மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய், நீர் விரிந்து நிற்கிற பரப்பு, கீழே ஆயக்கட்டு எல்லாம் சேர்ந்த ஓர் ஏற்பாடு அது. வருடத்தில் நாலைந்து மாதம் தண்ணீர் நிற்கும், மீதி நாள் மாடு மேயும். மேய்ந்தாலும் அது ஏரிதான். மென்பொருளில் இவற்றுக்குத் துண்டு துண்டாக டேக்குகள் உண்டு. மதகுக்கு ஒன்று, கலங்கலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று, தண்ணீர் வற்றி வற்றி வரும் என்று சொல்ல இன்னொன்று. ஆனால் இவையெல்லாம் ஒரே ஏரியின் உறுப்புகள் என்று சேர்த்துச் சொல்ல, எல்லோரும் ஏற்றுக்கொண்ட வழி எனக்குத் தெரிந்து இல்லை. வற்றும் என்ற டேக்கைப் போடாவிட்டால் எந்த எடிட்டரும் நம்மைக் கேட்பதில்லை. கழுவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். மரக்காணம் பக்கம் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடக்கும் சதுப்பு, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் ஓரம் எது? டிசம்பரில் ஒன்று, மே மாதத்தில் வேறொன்று. ஒரே ஒரு கோடு கேட்கிற மென்பொருளுக்கு எந்தக் கோட்டைக் கொடுப்பது?

'எஃப்எம்பி பார்த்து வரைய வேண்டியதுதானே' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. வருவாய்த்துறையின் புலப்படத்திலும் 'அ' பதிவேட்டிலும் ஏரிப் புறம்போக்கின் எல்லை இருக்கிறது. ஆனால் திறந்த உரிமம் என்று தெளிவாக எழுதியிருக்காத எந்த மூலத்தையும் பார்த்து வரையக் கூடாது என்பது இந்தத் திட்டத்தின் அடிப்படை விதி. கூகுள் மேப்பைப் பார்த்துக்கூட வரையக் கூடாது. விதி சரியானதுதான், அதை மீறினால் மொத்தத் தரவுக்கும் வழக்கு வரும். ஆகவே எங்கள் ஏரியின் சரியான எல்லை அரசுப் பதிவேட்டில் இருக்கிறது, தவறான எல்லை உலகம் முழுக்கப் பரவுகிற திறந்த வரைபடத்தில் இருக்கிறது. நடந்து போய் ஜிபிஎஸ்ஸில் அளப்பது ஒன்றுதான் வழி. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பாவோடு நடந்தேன். பழைய எல்லைக் கல் எங்கே புதைந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இப்போது வரைபடத்தில் முழு ஏரி இருக்கிறது. விளம்பரத்துப் படத்தை என்னால் திருத்த முடியாது.

இந்த நடைக்குப் பிறகு, வெறுமனே வரைவதை விட்டுவிட்டு மென்பொருள் பக்கமே போய்ப் பார்த்தேன். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது. ஐடி எடிட்டரின் வகைப் பெயர்களை டிரான்ஸிஃபெக்ஸ் தளத்தில் யாரும் தமிழாக்கலாம். லேக் என்ற இடம் வந்தது. யோசிக்காமல் 'ஏரி' என்று தட்டினேன். தட்டிய பிறகுதான் உறைத்தது. திட்டத்தின் விளக்கப்படி லேக் என்றால் இயற்கையாக உண்டானது. நம் ஏரியோ மனிதர் கரை கட்டி உண்டாக்கியது, அவர்கள் கணக்கில் அது ரிசர்வாயர். நான் தட்டியதை அப்படியே விட்டால், தமிழில் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர் ஏரி என்று தேடி லேக்கைப் போடுவார், ஆங்கிலத்தில் பயன்படுத்துகிறவர் அதே ஏரிக்கு ரிசர்வாயர் போடுவார். ஒரே ஊர், ஒரே தண்ணீர், இடைமுகத்தின் மொழியைப் பொறுத்து இரண்டு பொருள்! கடைசியில் ஒன்றை 'இயற்கை ஏரி' என்றும் மற்றதை 'நீர்த்தேக்கம் / பாசன ஏரி' என்றும் மாற்றினேன். தேடுவதற்கான இணைச்சொற்களாகத் தாங்கல், ஏந்தல், கண்மாய், கம்மாய் எல்லாம் சேர்த்தேன். ரொம்பச் சின்ன வேலை. ஆனால் இதுவரை நான் வரைந்த எல்லாத் தெருக்களையும் விட இதற்குப் பயன் அதிகம் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு குறை. மொழிபெயர்ப்பால் சொல்லை மாற்றலாம், பொருளை மாற்ற முடியாது. ஏரிக்கென்று தனி டேக் வேண்டும் என்றால்? கொள்கையளவில் யாரும் எந்த டேக்கையும் போட்டுக்கொள்ளலாம், தடை இல்லை. இதைத் திட்டத்தின் பெரிய சுதந்திரமாகச் சொல்வார்கள். ஆனால் நீங்கள் போட்ட டேக்கை வரைபடப் பாணி நிரலுக்குத் தெரியாவிட்டால் அது திரையில் வராது. திரையில் வராததை அடுத்தவர் போட மாட்டார். ஆக, சுதந்திரம் தரவில் இருக்கிறது, அதிகாரம் படம் வரையும் நிரலில் இருக்கிறது. டேக்கை முன்மொழிந்து, விவாதித்து, வாக்கெடுக்கிற இடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது, கணிசமான பேர் ஐரோப்பியர்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நான் கேட்ட கேள்விகளுக்கு முகம் தெரியாத தன்னார்வலர்கள் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் இல்லாமல் ராத்திரியில் உட்கார்ந்து அடுத்தவர் நிரலைச் சரிபார்க்கிறவர்களைக் குறை சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு ஜெர்மன் கிராமத்தில் இருப்பதற்கெல்லாம் பெயர் இருக்கிறது, எங்கள் ஊரில் இருப்பதற்கு இல்லை. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்னிடம் கூரையின் வடிவம் என்ன என்று கேட்டது. மதகு உடைந்திருக்கிறதா என்று கேட்கவில்லை. டீக்கடை பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். ஷாப் என்று போட்டு டீ என்று எழுதினால் அது தேயிலைத்தூள் விற்கும் கடையாகிவிடும். கூட்டேரிப்பட்டில் பெஞ்சு போட்ட டீக்கடையை நான் 'கஃபே' என்று பதிந்திருக்கிறேன். கடைக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை.

எழுத்துரு விவகாரம் தனிப் பதிவுக்கு உரியது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தின் வழக்கமான படத்தை வரைகிற மேப்னிக், ஹார்ஃப்பஸ் நூலகத்தைச் சேர்த்துக்கொண்ட 3ஆம் பதிப்பு 2015இல் வந்த பிறகுதான் இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கத் தொடங்கியது. அப்பாடா என்று இருந்தால், அடுத்து வெக்டர் வரைபடங்களின் காலம் வந்தது. மேப்பாக்ஸ் தன் நூலகத்தின் உரிமத்தை 2020 டிசம்பரில் மூடியபோது அதிலிருந்து பிரிந்த மேப்லிப்ரே நல்ல முயற்சி, சந்தேகமே இல்லை. ஆனால் எழுத்துகளை ஒவ்வொரு குறியீடாகப் பிரித்துப் பிரித்து வைக்கிற பழைய வழக்கமும் அதோடு சேர்ந்து வந்தது. அந்த முறையில் திண்டிவனம் ஓரளவு தப்பிக்கும். விழுப்புரத்தின் 'ழு' உடையும். செஞ்சியில் கொம்பு முன்னால் நிற்காமல் பின்னால் போகும். கோலியனூரைக் கண்கொண்டு பார்க்க முடியாது. ஆங்கிலத்தில் ஏற்கெனவே ழகரத்தைத் தொலைத்த ஊர் விழுப்புரம். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றுவதாகத் தமிழக அரசு அறிவித்து, சில நாளிலேயே திரும்பப் பெற்றது ஞாபகம் இருக்கலாம். இப்போது தமிழிலேயே தொலைகிறது. இதற்கும் அரசுக்கும் சம்பந்தம் இல்லை, நிரல் எழுதத் தெரிந்த நம் ஆட்கள் போய் உட்கார வேண்டிய இடம் இது. விழுப்புரத்திலேயே குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லிக்கொடுத்து வருகிறது. நிரலுக்கு ஆள் இல்லாத ஊர் இல்லை இது.

சாலை எண்களில் எனக்குப் பெரிய குறை இல்லை. எண்கள் மாறிப் பல வருடம் ஆகியும் நம் வாயில் 45தான் வருகிறது, வரைபடத்தில் 32, 132, 77 என்று புது எண்கள். பழைய எண்ணை வைக்கத் தனி டேக் இருக்கிறது, போதும்.

கடைசியாக வைத்திருப்பதுதான் எழுதக் கஷ்டமானது.

போன வருடம் விழுப்புரத்தில் சில மாணவர்களுக்கு ஐடி எடிட்டர் காட்டிக்கொண்டிருந்தேன். பாலிடெக்னிக் படிக்கிற ஒரு தம்பி, எங்கள் ஊர்க்காரன்தான், என்னை அதற்கு முன்னால் முகம் பார்த்துத் தெரியும் என்கிற அளவு பழக்கம். ஊர் வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கினேன். தெருக்கள், மாரியம்மன் கோவில், பள்ளிக்கூடம், நியாயவிலைக் கடை எல்லாம் இருந்தன. எனக்குக் கொஞ்சம் மிதப்புதான். அவன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அண்ணா, எங்க தெரு எங்கண்ணா?" என்றான்.

நகர்த்தினேன். "இது ஊருண்ணா. நாங்க ரோட்டுக்கு இந்தாண்ட."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைபடம் வெறும் வெள்ளை. அடியில் செயற்கைக்கோள் படத்தைப் போட்டதும் எழுபது எண்பது கூரைகள் தெரிந்தன. ஊரை வரைந்தது யார் என்று பதிவு வரலாற்றில் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நான்தான். நடந்த தெருவை மட்டும் வரை என்பது நல்ல வரைபடக்காரனுக்குச் சொல்கிற பாலபாடம். நான் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறேன். அந்தத் தெருக்களில் நான் நடந்ததே இல்லை. நூறு மீட்டர் தூரம், முப்பத்தைந்து வருடம்.

1978இல் பன்னிரண்டு தலித்துகள் கொல்லப்பட்ட ஊர் விழுப்புரம். அந்த மண்ணில் இருந்துகொண்டு, 'எல்லோரும் சேர்ந்து வரையும் உலக வரைபடம்' என்று நானே பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். எல்லோரும் என்றால் யார் என்று மென்பொருள் கேட்காது. ஒரு ஊருக்கு ஒரு புள்ளி வைக்கச் சொல்கிறது, வைப்பவன் தன் வீட்டுப் பக்கம் வைக்கிறான். இதில் டேக்கின் குற்றம் ஒன்றும் இல்லை. சிற்றூருக்கும் குடியிருப்புப் பகுதிக்கும் டேக் இருக்கிறது, போட ஆள் இல்லை. அதாவது, அங்கிருந்து ஆள் வரவில்லை, இங்கிருந்து யாரும் போகவில்லை.

சரி, போட்டுவிடலாம் என்றால் அடுத்த முடிச்சு பெயர். களத்தில் இருப்பதை எழுது என்பது விதி. பலகையில் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர். நல்ல விதிதான், எல்லைச் சண்டை முதல் கடைப்பெயர் வரை அதுதான் தீர்த்து வைக்கிறது. ஆனால் பலகையே ஒருவரைத் தள்ளி வைப்பதற்காக நட்டதாக இருந்தால்? 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சாதிப் பெயர் தாங்கிய தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகளின் பெயர்களை மாற்ற அக்டோபரில் அரசாணையும் வந்தது. பலகைகள் எப்போது மாறும் என்று யாருக்குத் தெரியும்? அதுவரை நாம் எதை எழுதுவது? மாறிய பிறகு பழையதைப் 'பழைய பெயர்' டேக்கில் பத்திரமாக வைப்பதா? ரயில் நிலையத்தின் பழைய பெயரை வைப்பது வரலாறு. ஒரு தெருவின் சாதிப் பெயரை எந்திரம் தேடி எடுக்கிற மாதிரி உலகத் தரவில் வைப்பது வேறு விஷயம் என்று எனக்குப் படுகிறது. 'தரவுக்கு உணர்ச்சி கிடையாது, இருப்பதைப் பதிவு செய்வோம்' என்று ஒரு நண்பர் வாதிட்டார். என் கோணல் புள்ளி மனை விளம்பரத்தில் போய் நின்ற கதையை அவருக்குச் சொன்னேன்.

என் ஊர்ப் பெயரை ஏன் எழுதவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். திருத்த வரலாற்றில் அந்தத் தம்பியின் கணக்கும் இருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு போனேன். அவன் முன்னால் நடந்தான், நான் பின்னால். நாலு தெரு, ஒரு சந்து. மேல்நிலைத் தொட்டி, அங்கன்வாடி, கெங்கையம்மன் கோவில், ஏரி வரத்துக் கால்வாயைக் கடக்கிற சின்னப் பாலம். ஃபெஞ்சலில் எதுவரை தண்ணீர் வந்தது என்று ஒரு பாட்டி சுவரில் கை வைத்துக் காட்டினார், என் இடுப்பளவு. வரைந்தது முழுக்க அவன்தான், நான் ஜிபிஎஸ் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பெயர்ப் பெட்டி வந்ததும் நிறுத்தினான். பலகையில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, இளைஞர்கள் வைத்த பெயர் ஒன்று. மூன்றுக்கும் தனித்தனி டேக் இருக்கிறது என்றேன்.

"அப்படியே உடுங்கண்ணா. எங்க ஆளுங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

தெருக்கள் வரைபடத்தில் ஏறிவிட்டன. பெயர் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.